காலியாகத் திரும்பிய கேரியர்

ஜெயராமன் ஸ்ட்ரெச்சரிலிருந்து சரிந்து விழுந்தார் என்னும் செய்தி, முதல் ஷிப்ட் முடிந்து அவர் வீடு திரும்புவதற்கு முன்பே நெய்வேலி நகரியத்தின் இருபத்தோராவது வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் வாசலில் அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கையிலேயே, மனைவி தனபாக்கியம் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"என்னங்க, கீழே விழுந்துட்டீங்களாமே! அடி கிடி பட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. பயிற்சிதானே, விளையாட்டு மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார் ஜெயராமன்.

அடி படவில்லை என்பது உண்மை. விளையாட்டு என்றதுதான் பொய். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, பித்தான் அறுந்த சட்டையைக் கையில் பிடித்தபடி அவர் வெகுநேரம் நின்றார். அங்கே மார்பு உயரத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் தம் வயிறு தெரியாதபடி ஒதுங்கி நிற்பது அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம்.

நடந்தது இதுதான். சுரங்கத்தில் அவருடைய பிரிவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலுதவிப் பயிற்சி நடக்கும். அடிபட்டவர் போல ஒருவர் படுத்துக்கொள்வார். நால்வர் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ரெஸ்ட் ஷெட்டிலிருந்து நூறு அடி தள்ளியுள்ள வேப்பமரம் வரையில் சுமந்து செல்ல வேண்டும். அப்படிப் படுப்பவர் எப்போதும் பாவாடை என்பவர்தான். பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி; வயது ஐம்பது; எடை ஐம்பது கிலோவும் தேறாது. தூக்குகிறவர்களுக்குத் தோள் நோகாது. பயிற்சியும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த ஏற்பாட்டில் குறை இருப்பதாக எவரும் நினைத்ததில்லை.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த மேற்பார்வையாளர் ராயப்பன்தான் அதைக் கலைத்தார்.

"அடி படறவன் எடை பார்த்துக்கிட்டா அடி படுவான்? சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கய்யா."

சீட்டில் ஜெயராமன் பெயர் வந்தது.

பெயரைப் படித்ததும் எல்லார் பார்வையும் அவர் வயிற்றுக்குப் போயிற்று. அடுத்த கணமே, உடன் வேலை செய்யும் ஆபரேட்டர் சிங்காரவேல் கையைத் தட்டினான்.

"யோவ், இதுக்கு நாலு ஆளு பத்தாதுய்யா! கிரேனுக்குச் சொல்லி அனுப்புங்க!"

கூடியிருந்த ஐம்பது பேரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் ஜெயராமனே. பிறர் சிரிக்கத் தொடங்குமுன் தாம் சிரித்துவிட வேண்டும் என்பதை அவர் பள்ளிக்கூட நாளிலேயே கற்றுக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார். நால்வர் தூக்கினர். முப்பது அடி நடந்திருப்பார்கள். சிங்காரவேல் வாயால் கிரேன் போல ஓசை எழுப்ப, முன்புறம் இடது மூலையைப் பிடித்திருந்தவனுக்குச் சிரிப்பில் கை நழுவிற்று. ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. ஜெயராமன் செம்மண்ணில் உருண்டார். சட்டைப் பித்தான்கள் இரண்டு தெறித்தன. எழுந்திருக்க முதலில் முழங்காலிட்டு, பிறகு கையூன்ற வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் அவருடைய வயிறு வெயிலில் ஐம்பது பேர் கண்ணெதிரே கிடந்தது.

தூக்கியவர்களை ராயப்பன் கோபமாக ஏதோ திட்டினார். அது ஜெயராமன் காதில் விழவில்லை.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வயதில் நெய்வேலிக்கு வந்தவர் அவர். இருபத்தொன்பது ஆண்டுகளாக, சக்கரத்தில் கோத்த வாளிகளால் மண்ணை வெட்டியெடுக்கும் அந்தப் பெரிய இயந்திரத்தின் மேலே, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறார். நிலக்கரி அடுக்கைத் தொடாமல் மேல்மண்ணை மட்டும் சீவியெடுப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பிரிவில் ஆள் இல்லை. தரையில் இருக்கையில் அவர் ஒரு பருத்த உடம்பு. ஏணியில் ஏறி அந்த அறைக்குள் போய்விட்டாலோ, அவர் இரண்டு கைகள் மட்டுமே. அங்கே அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை.

பயிற்சி நடந்த பத்தாம் நாள் மருத்துவப் பரிசோதனை வந்தது. எடை நூற்றெட்டுக் கிலோ, சர்க்கரையும் கூடுதல். மருத்துவர் பொறுமையாகவே பேசினார்.

"பயப்படாதீங்க. வேளாவேளைக்குச் சாப்பிடணும், அளவாச் சாப்பிடணும், நடக்கணும். உணவு ஆலோசகர் பக்கத்து அறையிலதான் இருக்காங்க. பார்த்துட்டுப் போங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா, ஏணி ஏற வேண்டாம்னு எழுதற மாதிரி ஆயிடும்."

இவ்வளவிலும் அவர் மனத்தில் தங்கியது கடைசி வாக்கியம் ஒன்றே. ஏணி இல்லையென்றால் அந்தக் கண்ணாடி அறை இல்லை. அறை இல்லையென்றால், ஓய்வுபெறும் நாள்வரை எல்லார் கண்ணிலும் படும்படி தரையில் உலவ வேண்டும்.

ஆலோசகரின் அறை வாசலில் பெஞ்சில் நால்வர் காத்திருந்தனர். அவர்களுள் ஒருத்தி தம் வட்டத்துப் பெண்மணி என்று கண்டதும், ஜெயராமன் மருத்துவர் தந்த சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வேறு வாயில் வழியே வெளியேறினார். தாமே ஒரு வழி செய்துகொள்வதென்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த வழி, பட்டினி.

தனபாக்கியம் விடியலில் எழுந்து மூன்றடுக்குக் கேரியர் கட்டித் தருவாள். அடியில் சோறு, நடுவில் குழம்பு, மேலே பொரியல். காலையில் அவர் அவசரமாகக் கிளம்புவதால், எட்டு மணி இடைவேளைக்கென்று இட்லி தனி டப்பாவில் இருக்கும். "எனக்கு இவ்வளவு வேண்டாம்" என்று அவளிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதைத் தம் வாயால் சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆகவே கேரியர் எப்போதும் போல நிறைந்து போயிற்று. எப்போதும் போலக் காலியாகத் திரும்பிற்று. நடுவில் அதைக் காலி செய்தவர் பாவாடை.

"வீட்டுல கூடுதலா வச்சு அனுப்பிட்டா, பாவாடை. வீணாப் போகுது. நீ சாப்பிடு" என்று முதல் நாள் நீட்டினார்.

"உங்களுக்கு, சார்?"

"நான் சாப்பிட்டாச்சு."

மறுநாளும் அதே பேச்சு. மூன்றாம் நாள் பேச்சும் தேவைப்படவில்லை. பாவாடை ஷெட்டின் பின்புறம் உட்கார்ந்து உண்பார். கேரியரைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துக் கொண்டுவந்து வைப்பார். ஜெயராமன் பால் விடாத தேநீரும் தண்ணீருமாக இரண்டு மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் தனபாக்கியம் கேட்பாள்: "இன்னைக்குக் குழம்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

அவ்வளவோடு நின்றிருந்தாலாவது ஒரு கணக்கு இருந்திருக்கும். ஆனால் பட்டினி கிடந்த வயிறு இரண்டு மணிக்குமேல் அவர் சொல் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரை மந்தாரக்குப்பம் சாலையில் திருப்பி, தம்மைத் தெரியாத கடை ஒன்றில் பஜ்ஜியும் போண்டாவும் பொட்டலமாக வாங்குவார். சற்றுத் தள்ளி, தைல மரங்களுக்கு இடையே வண்டியை நிறுத்தி, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சூடு ஆறுமுன்னே ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குவார். ருசி தெரியாது. எத்தனை என்பதும் தெரியாது. பொட்டலக் காகிதத்தின் எண்ணெய்க் கறையைப் பார்த்த பிறகே தாம் செய்தது தெரியும். விரல்களை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறுகையில், நாளை முதல் தேநீரும் கூடாது என்று சபதம் செய்வார்.

ஒரு மாதம் கழித்துப் பேருந்து நிலையத்து எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினார். நூற்றொன்பது என்று அட்டை விழுந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டார்.

ஏழாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. ஷிப்ட் முடிந்து இறங்கிக்கொண்டிருந்தவருக்கு ஏணியின் நடுவே கண் இருட்டிற்று. கை கம்பியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதே விளங்கவில்லை. கீழே, மண்ணை ஏந்திச் செல்லும் கன்வேயர் பட்டையின் ஓரத்தில் சிந்திய மண்ணை வாரிக்கொண்டிருந்த பாவாடை அண்ணாந்து பார்த்து மண்வெட்டியைப் போட்டார்.

"சார்! அங்கியே நில்லுங்க! கம்பிய வுட்றாதீங்க!"

ஓடிவந்து மேலே ஏறி, ஜெயராமனின் கால்களுக்குக் கீழே தம் தோள்களைக் கொடுத்து நின்றுகொண்டார். "நான் பிடிச்சிகினு இருக்கறேன் சார். ஒரு படி... அதான். இன்னொரு படி..." என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிச் சொல்லி இறக்கினார். ஐம்பது கிலோவும் தேறாத மனிதர். தாம் விழுந்திருந்தால் அவரும் மிஞ்சியிருக்கமாட்டார் என்பது தரையைத் தொட்டபோதுதான் ஜெயராமனுக்கு உறைத்தது.

"இன்னா சார், ஒண்ணும் சாப்டலியா?"

"வெயில்ய்யா. வெயில்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

பாவாடை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, போட்ட மண்வெட்டியை எடுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குவார்ட்டர்ஸ் வாசலில் மிதிவண்டி மணி ஒலித்தது. பாவாடை வெளுத்த சட்டை அணிந்து, பின்னிருக்கையில் ஒரு பலாப்பழத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த ஜெயராமன் அவரைக் கண்டதும் எழுந்தார். ஆனால் அவருக்கு முன்பே தனபாக்கியம் வாசலுக்குப் போய்விட்டாள்.

"அம்மா, நான் பாவாடை. சாரோட செக்‌ஷன்ல கான்ட்ராக்ட்ல இருக்கறேன். எங்க வூட்டு மரத்துப் பழம்மா இது."

"எதுக்குங்க இதெல்லாம்?"

"ஏழு வாரமா உங்க கை சோத்தைச் சாப்டுகினு இருக்கறேன். வெறுங்கையோட வந்து நின்னா நல்லா இருக்குமா? அதும் அந்த வத்தக்கொழம்பு இருக்குதே... எங்க வூட்டுப் பொம்பளகிட்ட சொன்னேன். அப்படின்னா அங்கியே போய் இருந்துக்கன்னுட்டா!"

சொல்லிவிட்டுப் பாவாடை சிரித்தார். கூடத்தில் நின்றிருந்த ஜெயராமனுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. தனபாக்கியம் திரும்பித் தம்மைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்து அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அவள் திரும்பவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, இயல்பான குரலில் கேட்டாள்: "அப்படியா? உப்பு காரமெல்லாம் சரியா இருந்துச்சாங்க? உங்களுக்கும் சேர்த்துத்தான் வச்சு விட்டேன். பத்துச்சோ என்னமோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். உள்ளே வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்."

கணவனின் மானத்தைக் காப்பதற்காக, கண் இமைக்காமல் அவள் சொன்ன அந்தப் பொய் ஜெயராமனைச் சுட்டது. அவள் அவரை வைதிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது.

பாவாடை காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது, "சாரைக் கொஞ்சம் பாத்துக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

தனபாக்கியம் அடுக்களையில் தரையில் செய்தித்தாளை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளக்க உட்கார்ந்தாள். ஜெயராமன் நிலைப்படியில் நின்றார்.

"பாக்கியம்..."

"தினமும் கேட்டேனேங்க. குழம்பு எப்படி இருந்துச்சுன்னு தினமும் கேட்டேனே. நல்லாருந்துச்சுன்னு சொன்னீங்களே."

"எடை குறையணும்னு டாக்டர் சொன்னாரு. உங்கிட்டச் சொல்ல... ஒரு மாதிரியா இருந்துச்சு."

"அப்போ வெளியிலே என்ன சாப்பிட்டீங்க? சட்டைப்பையிலெல்லாம் எண்ணெய்க் கறையா இருந்துச்சே. வண்டி எண்ணெயின்னு நினைச்சேன்."

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அதையே அவள் மறுமொழியாக எடுத்துக்கொண்டாள். ஒரு சுளையைப் பிரித்து, கொட்டையை நீக்கித் தட்டில் வைத்தாள். அவள் கை நின்றது.

"நம்ம காயத்ரியும் இப்படித்தாங்க பண்ணினா."

"யாரு? காயத்ரியா?"

காயத்ரி அவர்களுடைய ஒரே மகள். வயது இருபத்தைந்து, சென்னையில் வேலை. மாதம் ஒருமுறை வருவாள். வந்தால், அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகே தட்டெடுத்து வைத்துக்கொள்வாள். பெண்ணுக்கு அப்பாவிடம் உள்ள மரியாதை அது என்று ஜெயராமன் பெருமையோடு நினைத்திருந்தார்.

"பதினொண்ணாவது படிக்கிறப்போ. டப்பா பளிச்சுன்னு காலியா வரும். நானும் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் பள்ளிக்கூடத்திலே கூட்டற அம்மா கடைத்தெருவிலே பார்த்துச் சொன்னாங்க, 'உங்க பொண்ணு சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி நாய்க்குக் கொட்டிட்டுப் போகுது'ன்னு. ஏன்டி இப்படிப் பண்றேன்னு கேட்டேன். 'அப்பா முன்னாடி சாப்பிட வெட்கமா இருக்கும்மா. இப்போ அப்பா இல்லாத இடத்திலயும் வெட்கமாவே இருக்கு'ன்னு அழுதா."

"நான் என்ன பண்ணினேன்?"

"தோசை எண்ணுவீங்களே."

ஜெயராமனுக்கு நினைவு வரவில்லை. வரவில்லையே என்று எண்ணிய அதே கணத்தில் வந்துவிட்டது. இரவுச் சாப்பாடு, மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மகள் தட்டை நீட்டுகிறாள். 'மூணாவதா? சரிதான்! கல்யாணத்தன்னைக்கு உன்னை மணையிலேர்ந்து எழுப்பக் கிரேனுக்குத்தான் சொல்லி அனுப்பணும்.' சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். காயத்ரியும் சிரிப்பாள். அவரைவிட உரக்கச் சிரிப்பாள்.

அது சிங்காரவேலின் கேலி அன்று. முதலில் தம் வாயில் பிறந்த கேலி. அதைத் தம் வீட்டுக்குள், பதினாறு வயதுப் பெண்ணின் தட்டுக்கு மேலே, ஒருமுறை அல்ல, பலமுறை வீசியிருக்கிறார். செம்மண்ணில் உருண்ட அன்று ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. அவளுக்கோ வேறு யாரும் தேவைப்படவில்லை. அப்பன் ஒருவனே போதுமானவனாக இருந்திருக்கிறான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லக்கூடாதுன்னு என் தலைமேல சத்தியம் வாங்கிட்டா. இப்போ நீங்களும் அதையே பண்ணவும் மனசு தாங்கலை."

அன்று மாலை விளக்கு வைக்கும் வேளையில், வாசல் படியில் நின்று மகளுக்குத் தொலைபேசியில் பேசினார். எப்போதும் போலவே தொடங்கினார்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேம்ப்பா."

கேள்வி முடியுமுன் வந்த விடை. 'நல்லாருந்துச்சு' என்று தாம் தினமும் சொன்ன அதே குரல். அதை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டும் கேளாதவராக இருந்திருக்கிறார்.

"காயத்ரி, அப்பா ஸ்ட்ரெச்சர்லேர்ந்து விழுந்துட்டேன்மா" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சீட்டுக் குலுக்கியது, கிரேன், அறுந்த பித்தான், பாவாடை, மந்தாரக்குப்பம் சாலை, ஏணி. ஒன்றையும் மறைக்கவில்லை. தைல மரத்தடியில் விரலை மண்ணில் துடைத்ததைச் சொல்கையில் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்தக் கிரேன்... நான் உன்னைச் சொன்னது. இன்னைக்குத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது. தப்பு பண்ணிட்டேன்."

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "விழுந்தது வலிச்சுதாப்பா?"

"விழுந்தது வலிக்கலைம்மா."

"எனக்குத் தெரியும்ப்பா."

பிறகு, "பரவாயில்லைன்னு நான் இப்பவே சொல்லணுமாப்பா?" என்றாள்.

"வேண்டாம்மா. சொல்ல வேண்டாம்."

"நான் இங்கே ஒரு டாக்டரம்மாகிட்டப் போறேன். ஒரு வருஷமா. இதுக்காகத்தான். முதல் நாள் அவங்க கேட்டது என்ன தெரியுமா? 'எனக்குப் பசிக்குது'ன்னு சத்தமாச் சொல்லுங்கன்னாங்க. அவ்வளவுதான். எனக்கு வாய் வரலை. நாலஞ்சு மாசம் ஆச்சு, அது வர்றதுக்கு."

ஜெயராமன் அதைத் தமக்குள் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் வாய் வரவில்லை.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்கப்பா. ஏணியிலே நடந்ததைச் சொல்லுங்க."

"சொன்னா மெஷின்லேர்ந்து இறக்கிடுவாங்கம்மா."

"அது எனக்குத் தெரியும்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனார். கெடு முடிய ஐந்து வாரம் இருக்கையிலேயே மருத்துவர் முன் உட்கார்ந்து, பட்டினியையும் பஜ்ஜியையும் ஏணியையும் சொன்னார். ஒருவர் பாவமன்னிப்புக் கேட்பது போல இருந்தது அது. மருத்துவர் வியந்ததாகவும் தெரியவில்லை, ஏசவும் இல்லை. "நல்லவேளை, வந்து சொன்னீங்க. ஆனா ஒரு மாசத்துக்கு ஏணி வேண்டாம். அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்தார். ஆலோசகரின் அறை வாசலில் அதே வட்டத்துப் பெண்மணி உட்கார்ந்திருந்தாள். அவளும் அவரைக் கண்டு சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டாள். ஜெயராமன் ஒரு கணம் தயங்கினார். பிறகு அதே பெஞ்சில் போய் அமர்ந்தார்.

எதற்கு அஞ்சினாரோ அது நடந்தது. கண்ணாடி அறையில் சிங்காரவேல் உட்கார்ந்தான். ஜெயராமனுக்கு ரெஸ்ட் ஷெட்டில் பதிவேடு பார்க்கும் வேலை. காலையில் ஆட்கள் வந்து ஹெல்மெட்டை எடுக்கையில், அவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். 'ஏன் அண்ணே இங்கே?' என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். முதல் வாரம் 'முழங்கால் வலி' என்றார். இரண்டாம் வாரம், "பட்டினி கிடந்து தலை சுத்திடுச்சுப்பா" என்றார். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் காது சுட்டது.

கேரியர் இப்போது இரண்டடுக்கு. சோறு குறைந்து காய் கூடியிருந்தது. வற்றல் குழம்பு மட்டும் மாறவில்லை. எட்டு மணிக்கு மூன்று இட்லி, பன்னிரண்டுக்குச் சாப்பாடு. மந்தாரக்குப்பம் சாலைக்கு இரண்டு முறை வண்டி திரும்பத்தான் செய்தது. இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து தனபாக்கியத்திடம் சொன்னார். "சரி விடுங்க. ராத்திரி சாப்பாட்டை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள் அவள். பத்து நாள் சுவருக்கு முகம் காட்டி உண்டார். பதினோராம் நாள் பாவாடையைத் தேடிக்கொண்டு ஷெட்டின் பின்புறம் போனார்.

பாவாடை தம் வீட்டுக் கேழ்வரகுக் களியையும் கருவாட்டுக் குழம்பையும் திறந்து வைத்திருந்தார்.

"பாவாடை, ஒண்ணு சொல்லணும். அந்த ஏழு வாரம் நான் உனக்குப் பிரியமாக் குடுக்கலைய்யா. ஒளிக்க இடம் தெரியாம உங்கிட்டக் கொட்டினேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"மனசாரக் குடுக்கறவன் கொழம்பு மேலியே கண்ண வெச்சிகினு குடுப்பானா? மொத நாளே தெரியும். நாம துன்னாட்டி இந்த ஆளு எங்கியாவது கொட்டிடுவாருன்னுதான் துன்னேன்." பாவாடை களியை ஒரு விள்ளல் எடுத்தார். "ஆனா ஏணியில தலை சுத்தினப்போ எனக்கே வவுறு கலங்கிடுச்சு சார். உங்க சோறு என் வவுத்துல இருக்குது, நீங்க தொங்கிகினு இருக்கறீங்க. அதான் பலாப்பழத்தைத் தூக்கிகினு அம்மாகிட்ட வந்துட்டேன்."

ஜெயராமன் தலையைக் குனிந்துகொண்டார். பாவாடை கருவாட்டுக் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தலையத் தூக்குங்க சார். ஒரு துண்டு எடுத்துக்குங்க. உங்க வத்தக்கொழம்பை இப்படித் தள்ளுங்க."

ஒரு மாதம் கழித்து மருத்துவர் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். சர்க்கரை இறங்கியிருந்தது. எடை இரண்டு கிலோவே இறங்கியிருந்தது. அதற்குள் முதலுதவிப் பயிற்சியின் நாளும் வந்துவிட்டது.

அதே ஷெட், அதே வேப்பமரம், அதே ஐம்பது பேர். ராயப்பன் இம்முறை சீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ஜெயராமனைப் பார்க்காமலே, "பாவாடை, நீயே படுத்துக்கய்யா" என்றார். அந்தப் பாராமுகம் இரக்கத்தால் வந்தது என்பது ஜெயராமனுக்குப் புரிந்தது. பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார்.

"இருங்க. நான் படுக்கறேன்."

சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சர் பக்கம் போய் நின்றார்.

"அன்னைக்கு ஏணியிலேர்ந்து விழுந்திருந்தேன்னா என்னைத் தூக்கியிருக்கணுமில்ல? இவங்களுக்கு இன்னும் தூக்கத் தெரியலை. கத்துக்கட்டும்."

ராயப்பன் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கே சொன்னேன், நாலு பேர் நின்னது இவங்க தப்புன்னு. ஆறு பேர் வாங்கய்யா! ரெண்டு பேர் நடுவிலே. வாரைக் கட்டுங்க. சிங்காரவேல், நீ முன்னாடி பிடி. வாயை மூடிக்கிட்டுப் பிடி."

ஜெயராமன் படுத்தார். மார்பின்மேல் ஒரு வார், வயிற்றின்மேல் ஒரு வார், தொடையின்மேல் ஒன்று. வயிற்று வார் எட்டவில்லை. கூட்டத்தின் பின்னால் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அது அவர் காதில் தெளிவாக விழுந்தது. எப்போதும் போல உரக்கச் சிரிக்க அவர் வாய் தானே திறந்தது. மூடிக்கொண்டார். சிரிக்கவில்லை. பாவாடை இன்னொரு வாரைக் கொண்டுவந்து முன்னதோடு பிணைத்துக் கட்டினார்.

"தூக்கு!"

ஸ்ட்ரெச்சர் எழுந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றிற்று. மூடவில்லை. சிங்காரவேலின் முகம் மேலே தலைகீழாகத் தெரிந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியிருக்க, பல்லைக் கடித்து, அடி மாறாமல் எண்ணிக்கொண்டு வந்தான். முப்பதாம் அடியைக் கடந்தார்கள். ஐம்பது. எண்பது. வேப்பமரத்தின் நிழல் முகத்தில் விழுந்தது. மெல்ல, ஒரு முட்டைக் கூடையை இறக்குவது போல இறக்கினார்கள்.

"அண்ணே," என்று மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்தான் சிங்காரவேல். "அன்னைக்கு அந்தக் கிரேன்..."

"அதை முதல்ல சொன்னவன் நான்தாம்ப்பா" என்றார் ஜெயராமன். அவனுக்கு அது விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அவருக்கும் அப்போது மனம் இல்லை. வாரை அவிழ்த்துவிட்டுப் பாவாடை கை நீட்டினார். அதைப் பற்றிக்கொண்டு, முழங்காலூன்றி, எல்லார் முன்னிலையிலும் மெதுவாக எழுந்து நின்றார். சட்டை வயிற்றுக்கு மேல் ஏறியிருந்தது. இழுத்து விட்டுக்கொண்டார். முகம் இன்னும் சூடாகவே இருந்தது.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிற்று. ஆட்கள் கலையத் தொடங்கினர். ஜெயராமன் வாயைத் திறந்தார். ஒரு முறை முயன்று விட்டுவிட்டார். மறுமுறை, பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"எனக்குப் பசிக்குது. வாங்கய்யா, சாப்பிடலாம்."

சொல்லிவிட்டு, கேரியரை எடுக்க ஷெட்டை நோக்கி நடந்தார்.